கேள்வியோடு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பாதீர்கள்: வட ஆற்காட்டுத் திருச்சபைகளின் ஆயர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூரிலும் காட்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் குடியாத்தத்திலும் ஆம்பூரிலும், பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் கிராமச் சபைகளிலும் ஊழியம் செய்துவரும் மதிப்பிற்குரிய ஆயர்களுக்கும், உபதேசியார்களுக்கும், குருசேகரக் கமிட்டி அங்கத்தினர்களுக்கும், ஞாயிறு பள்ளியிலும், பிள்ளைகளைச் சபையின் முழு அங்கத்தினராக ஆயத்தப்படுத்தும் திடப்படுத்தல் வகுப்பிலும் என்னைப் போலவே கற்பித்துவரும் சகோதர சகோதரிகளுக்கும் கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துதல்.

துன்பத்தின் நடுவில் தேவனிடம் "ஏன்?" என்று கேட்கிறவர்களை நம் சபைகள் நடத்தும் விதம் எனக்கு நெடுநாளாக மனவேதனை தருகிறது. கேட்கிறவரின் வாயை முதலில் அடைக்கப் பார்க்கிறோம். முடியாவிட்டால் அவருக்கு "விசுவாசக் குறைவு" என்று பெயர் வைக்கிறோம். அதற்குப் பிறகும் அவர் கேட்டால், பின்மாற்றத்தில் போய்விட்டார் என்று மற்றவர்களிடம் சொல்லி, அவருக்காக ஜெபிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். சந்தேகத்தையும் மனக்கசப்பையும் தேவ சமுகத்துக்கே கொண்டுவந்து கொட்டுவது விசுவாசத்தின் செயல்களில் ஒன்று என்று நான் நம்புகிறேன். அதற்கு ஆராதனையிலும் ஜெபக் கூட்டத்திலும் துக்க வீட்டிலும் நீங்கள் இடம் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு சபையில் நடந்ததைச் சொல்கிறேன். சபையின் பெயர் தேவையில்லை, ஏனென்றால் இது எந்தச் சபையிலும் நடக்கக்கூடியது. பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண்பிள்ளை. அம்மா தோல் காலணி கம்பெனியில் தையல் வேலை. அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரந்தோறும் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தார். சபையார் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் அவர் பெயரைச் சொல்லி ஜெபித்தார்கள். அந்தப் பிள்ளை தன் வேதாகமத்தின் கடைசி வெற்றுப் பக்கத்தில், அப்பா ஒவ்வொரு முறை டயாலிசிஸ் முடித்து வீடு திரும்பும் தேதியையும் எழுதி, பக்கத்தில் "ஸ்தோத்திரம்" என்று எழுதி வைத்திருந்தாள். பேனா மை மாறி மாறி, கீழே போகப் போக எழுத்து சிறுத்து, பக்கம் நிறைந்த நிலையில் அப்பா இறந்துபோனார். அடுத்த மாதம் ஆராதனையில் வேறொரு குடும்பத்தார் தங்கள் மகன் அதே நோயிலிருந்து சுகமானதாகச் சாட்சி சொன்னார்கள். சபை கைதட்டி ஸ்தோத்திரம் சொன்னது. அன்று மாலை திடப்படுத்தல் வகுப்பில் அவள் கேட்டாள்: "அந்த அண்ணனுக்குக் கேட்டாரு. எங்க அப்பாவுக்கு மட்டும் ஏன் கேட்கல?" வகுப்பு நடத்தியவர் அதட்டவில்லை, அன்பாகத்தான் சொன்னார்: "அப்படியெல்லாம் ஆண்டவரைக் கேட்கக் கூடாதும்மா. நம்ம விசுவாசத்தில்தான் எங்கேயோ குறை இருந்திருக்கும்." அந்த ஒரு வாக்கியம், அப்பா இறந்ததற்கு அவளையே பொறுப்பாளி ஆக்கிவிட்டது. பிறகு அவள் வகுப்புக்கு வரவில்லை.

அந்தப் பிள்ளை கேட்ட கேள்வி வேதாகமத்துக்குப் புதிதா? "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று பதின்மூன்றாம் சங்கீதம் கேட்கிறது. "ஆண்டவரே, விழித்துக்கொள்ளும்; ஏன் நித்திரைபண்ணுகிறீர்?" என்று நாற்பத்துநான்காம் சங்கீதம் கேட்கிறது. 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படிப் புலம்புகிற, முறையிடுகிற சங்கீதங்கள். அவற்றில் பெரும்பாலானவை கடைசியில் ஒரு நம்பிக்கைச் சொல்லுக்குத் திரும்புவது உண்மைதான். ஆனால் எண்பத்தெட்டாம் சங்கீதம் அப்படித் திரும்புவதில்லை. இரவும் பகலும் கூப்பிட்டும் பதில் வராத ஒருவர், சிநேகிதரும் விலக்கப்பட்டு, அறிமுகமானவர்களும் மறைந்துபோன நிலையில் தனியாக நிற்கிறார்; சங்கீதம் அத்துடன் நின்றுவிடுகிறது. "ஆனாலும் நான் உம்மைத் துதிப்பேன்" என்று முடித்துவைக்க அங்கே யாரும் ஒரு வசனத்தைச் சேர்க்கவில்லை. இஸ்ரவேலின் ஆராதனைப் பாடல் புத்தகத்தில் கோராகின் புத்திரரின் பெயரோடு அது அப்படியே இருக்கிறது. பழைய வருடத்தின் கடைசி இரவு ஆராதனையில் நாம் சபையாருக்கு எடுக்கக் கொடுக்கும் வாக்குத்தத்த அட்டைகளில் இந்த வசனம் ஒருபோதும் வராது. வர வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் வருடத்தின் ஐம்பத்திரண்டு ஞாயிறுகளில் ஒரு ஞாயிறாவது இது பீடத்திலிருந்து முழுமையாக வாசிக்கப்படுகிறதா என்று உங்கள் ஆராதனைக் குறிப்பேட்டைப் புரட்டிப் பாருங்கள்.

அடக்க ஆராதனையில் நாம் யோபு முதலாம் அதிகாரத்தை வாசிக்கிறோம்: "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்." சவப்பெட்டியின் மேல் மண் விழும் சத்தத்தோடு இந்த வசனத்தைக் கேட்காத கிறிஸ்தவக் குடும்பம் நம் பக்கத்தில் இருக்காது. அது மேன்மையான வசனம். ஆனால் இரண்டே அதிகாரங்கள் தள்ளி, மூன்றாம் அதிகாரத்தில் அதே யோபு தான் பிறந்த நாளைச் சபிக்கிறான். அதற்குப் பிறகு பக்கம் பக்கமாக தேவனோடு வழக்காடுகிறான், நியாயம் கேட்கிறான், தேவன் தன்னைச் சத்துருவாக எண்ணுகிறார் என்று குற்றம் சாட்டுகிறான். புத்தகத்தில் 42 அதிகாரங்கள் இருக்க, நாம் முதல் அதிகாரத்து யோபுவை மட்டும் துக்க வீட்டுக்கு அழைத்துப் போகிறோம். மற்ற யோபுவை வாசலிலேயே நிறுத்திவிடுகிறோம். துக்கப்படுகிற குடும்பத்துக்கோ பெரும்பாலும் இரண்டாவது யோபுதான் தேவைப்படுகிறான், அதிலும் எல்லாரும் கலைந்துபோன பிறகு வரும் மாதங்களில்.

யோபுவின் சிநேகிதர்களான எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் ஆகிய மூவரையும் நாம் எளிதாகக் கண்டித்துவிடுகிறோம். ஆனால் அவர்கள் பேசியதை நிதானமாக வாசித்துப் பாருங்கள். தேவன் நீதியுள்ளவர், பாவிக்குத் தண்டனை வரும், மனந்திரும்பினால் மீட்பு உண்டு என்று அவர்கள் சொன்னவற்றில் பலவற்றை நாம் இன்றும் பிரசங்கிக்கிறோம். அவர்கள் தேவனைப் பாதுகாக்கிறோம் என்று நினைத்துக்கொண்டுதான் பேசினார்கள். யோபு அவர்களைப் பார்த்துக் கேட்கிறான்: "நீங்கள் தேவனுக்காக நியாயக்கேடாய்ப் பேசி, அவருக்காக வஞ்சகமாய் வசனிக்கவேண்டுமோ?" ஊழியத்தில் இருக்கிற ஒவ்வொருவரும் துக்க வீட்டுக்குப் புறப்படும் முன் இந்த வசனத்தைத் தனியாக ஒருமுறை வாசிக்க வேண்டும் என்பது என் தாழ்மையான விருப்பம். புத்தகத்தின் முடிவில் கர்த்தர் எலிப்பாஸிடம் சொல்லும் தீர்ப்போ மிகவும் கடுமையானது: "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை." சபித்தவனும் வழக்காடினவனும் நிதானமாய்ப் பேசினவனாக எண்ணப்படுகிறான், தேவனுக்காக வாதாடினவர்கள் யோபு தங்களுக்காக வேண்டிக்கொள்ளும்படி பலியோடு போய் நிற்க வேண்டியதாகிறது. யோபுவின் "ஏன்?" என்ற கேள்விக்கு அந்தப் புத்தகத்தில் நேரான பதில் வரவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. பெருங்காற்றிலிருந்து கர்த்தர் பேசுகிறார். படைப்பின் விரிவைக் காட்டுகிறார். யோபுவின் கேள்வியை விளக்கித் தீர்த்துவைக்கவில்லை. ஆனால் அவனோடு பேசினார். யோபு கேட்டதும் அதைத்தான்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். வனாந்தரத்தில் முறுமுறுத்த ஜனங்களைக் கர்த்தர் தண்டித்தாரே, கேள்வி கேட்பதற்கும் முறுமுறுப்புக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. எண்ணாகமம் பதினோராம் அதிகாரம் ஒன்றே இதற்குப் போதுமான வெளிச்சம் தருகிறது என்று நினைக்கிறேன். ஜனங்கள் தங்கள் கூடார வாசல்களில் நின்று, எகிப்தின் மீனையும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் பூண்டையும் நினைத்து அழுகிறார்கள், ஒருவரோடொருவர் பேசுகிறார்கள், அவர்கள் முகம் எகிப்தைப் பார்க்கிறது. அதே அதிகாரத்தில் மோசேயும் குமுறுகிறார். இந்த ஜனங்களை நானா கர்ப்பந்தரித்தேன், நானா பெற்றேன், இவர்கள் பாரத்தை ஏன் என்மேல் சுமத்தினீர், இப்படித்தான் செய்வீரென்றால் என்னைக் கொன்றுபோடும் என்கிறார். சொல்லின் கடுமையை மட்டும் அளந்தால் மோசே பேசியது ஜனங்கள் பேசியதைவிடக் கொடியது. ஆனால் அவர் அதைக் கர்த்தரின் முகத்துக்கு நேராகச் சொன்னார். அவருக்குக் கிடைத்தது தண்டனையா? பாரத்தைப் பகிர்ந்து சுமக்க எழுபது மூப்பர்கள் கிடைத்தார்கள். தேவனை விட்டு வேறெங்கோ திரும்பிக்கொண்டு அவரைப் பற்றிப் பேசுவது ஒன்று, அவரிடமே திரும்பி அவரைக் கேட்பது வேறொன்று. நம் சபைகளில் நேர்கிற விபரீதம் என்னவென்றால், இரண்டாவதை நாம் அடைத்துவிடுவதால் மக்கள் முதலாவதற்குத் தள்ளப்படுகிறார்கள். ஜெபத்தில் சொல்ல முடியாததை டீக்கடையிலும், வேலைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸிலும், நள்ளிரவில் கைப்பேசியிலும் சொல்லித் தீர்க்கிறார்கள்; தேவனிடம் மட்டும் சொல்வதில்லை.

தமிழ் மண்ணில் பிறந்த நமக்கு இது அந்நியமாக இருப்பதுகூட வியப்புத்தான். கண்பார்வை இழந்த சுந்தரர் திருவாரூரில் தம் இறைவனிடம் உரிமையோடு சண்டையிட்டதைச் சைவ உலகம் இன்றும் பக்தியாகவே பாடுகிறது. இழவு வீட்டில் நம் பாட்டிமார் வைத்த ஒப்பாரியில் செத்தவரிடமும் தெய்வத்திடமும் கேட்காத கேள்வி இல்லை. கிறிஸ்தவர்களான பிறகு, நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கிக்கக் கூடாது என்ற பவுலின் வசனத்தைச் சொல்லி அந்த ஒப்பாரியை நிறுத்திவிட்டோம். பவுலோ துக்கிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. எரேமியா புலம்பற்காரிகளை வரவழைக்கச் சொன்னதையும், புலம்பல் என்ற பெயரிலேயே ஒரு புத்தகம் வேதாகமத்தில் இருப்பதையும் மறந்து, அழுகையின் இடத்தில் ஒலிபெருக்கியில் துதிப் பாடலை வைத்தோம். இதில் நாம் இழந்தது பெரிது என்பது என் கருத்து.

ஆயர்களாகிய உங்களிடம் குறிப்பாகச் சொல்ல விரும்புவது பிள்ளையில்லாமல் வருந்திய அன்னாளைப் பற்றி. சீலோவில் அவள் மனம் கசந்து, உதடு மாத்திரம் அசைய, சத்தமில்லாமல் ஜெபித்தபோது, ஆசாரியனாகிய ஏலி அவளைக் குடித்திருக்கிறவள் என்று நினைத்தான். ஆலயத்தில் வாழ்நாளெல்லாம் ஊழியம் செய்தவனுக்கு, கண் முன்னால் நடந்த ஜெபம் ஜெபமாகத் தெரியவில்லை; வழக்கமான உருவத்தில் அது இல்லாததே காரணம். அன்னாள் அடங்கிப் போகவில்லை. நான் மனக்கிலேசமுள்ள ஸ்திரீ, என் இருதயத்தைக் கர்த்தருடைய சந்நிதியில் ஊற்றினேன் என்று பதில் சொன்னாள். அப்போது ஏலி செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தமானது. அவன் தன் முதல் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. அவள் சொன்னதைக் கேட்டு, சமாதானத்தோடே போ என்று ஆசீர்வதித்தான். அவள் என்ன கேட்டாள் என்றுகூட அவன் விசாரிக்கவில்லை. உங்கள் முன்னால் கோபத்தோடும் கண்ணீரோடும் உட்கார்ந்திருக்கும் ஒருவர் பேசுவது, தேவதூஷணமாக உங்கள் காதில் விழுந்தாலும், ஒருவேளை அவர் வாழ்க்கையிலேயே மிக உண்மையான ஜெபமாக இருக்கலாம்.

தோமாவை நாம் ஞாயிறு பள்ளியிலிருந்தே "சந்தேகப்பட்ட தோமா" என்று சொல்லிப் பழகிவிட்டோம். சென்னைக்குப் போகும்போதெல்லாம் பரங்கிமலையைத் தாண்டிப் போகிற நமக்கு, அவர் இந்த மண்ணில் இரத்தம் சிந்தினார் என்று வழிவழியாகச் சொல்லிவருகிற நமக்கு, இந்த அடைமொழி மட்டுமே நினைவில் நிற்பது நியாயமில்லை. யூதேயாவுக்குத் திரும்பினால் சாவு என்று தெரிந்தபோது, "அவரோடேகூட மரிக்கும்படி நாமும் போவோம் வாருங்கள்" என்று சொன்னவர் அவர்தான். ஆனால் இந்த மடலின் காரியத்துக்கு முக்கியமான வசனம் யோவான் இருபதாம் அதிகாரம் இருபத்தாறாவது வசனம்: "மறுபடியும் எட்டுநாளைக்குப்பின்பு அவருடைய சீஷர்கள் வீட்டுக்குள்ளே இருந்தார்கள், தோமாவும் அவர்களுடனேகூட இருந்தான்." அந்த எட்டு நாளும் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பத்துப் பேர் கர்த்தரைக் கண்டோம் என்கிறார்கள். ஒருவர், காயத்தில் விரலை இட்டாலொழிய நம்பமாட்டேன் என்கிறார். சபையின் அஸ்திவாரமான உயிர்த்தெழுதலையே நம்பாத ஒருவர் ஒரு வாரம் முழுவதும் அவர்களோடு இருந்திருக்கிறார். அவர்கள் அவரை வெளியேற்றவும் இல்லை, அவரும் வெளியேறவில்லை. கதவு பூட்டியிருந்த அந்த வீட்டுக்குள் அவரும் இருந்தார். இயேசு வந்தபோது, கேட்டதைக் காட்டினார். "என் ஆண்டவரே! என் தேவனே!" என்ற அறிக்கை, சுவிசேஷங்களிலேயே மிக உயர்ந்த அறிக்கைகளில் ஒன்று, அவர் வாயிலிருந்து பிறந்தது. மற்றப் பத்துப் பேரும் அந்த எட்டு நாளில் தோமாவைத் துரத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தோமாவை நம்பவைக்கும் வேலை அவர்களுடையதாக இருக்கவில்லை. கர்த்தர் வரும்வரை அவருக்கு வீட்டுக்குள் இடம் வைத்திருப்பதே அவர்கள் செய்தது. மத்தேயு இன்னும் துணிச்சலாக எழுதுகிறார்: கலிலேயாவின் மலையில் அவரைக் கண்டு பணிந்துகொண்டவர்களில் "சிலரோ சந்தேகப்பட்டார்கள்." உலகெங்கும் போய்ச் சீஷராக்குங்கள் என்ற கட்டளை, சந்தேகப்பட்ட அந்தச் சிலரையும் சேர்த்தே கொடுக்கப்பட்டது.

எதிராகக் காட்டப்படும் வசனங்களை நான் அறியாதவள் இல்லை. சந்தேகப்படுகிறவன் கடலின் அலைக்கு ஒப்பானவன் என்று யாக்கோபு எழுதுகிறார். அதற்கு முந்தின வசனத்தில் தேவனை "ஒருவரையும் கடிந்துகொள்ளாதவர்" என்று அவரே சொல்கிறார். ஞானத்தில் குறைவுள்ளவன் கேட்கட்டும் என்பதுதான் அங்கே பேச்சு. கேட்காதே என்பதற்கு அந்த வசனம் உதவாது. தேவனோடு எதிர்த்துத் தர்க்கிக்கிற நீ யார் என்று பவுல் ரோமருக்குக் கேட்பதும் உண்மை. ஆனால் தம் சொந்த ஜனம் ஏன் கிறிஸ்துவை ஏற்கவில்லை என்ற, தம்மை உள்ளுக்குள் அறுத்த கேள்வியோடு மூன்று அதிகாரங்கள் முழுவதும் போராடுகிற இடத்தில்தான் அதைக் கேட்கிறார். அந்தப் பகுதியைத் தொடங்கும்போதே தமக்கு இடைவிடாத மனவேதனை உண்டு என்கிறார். முதிர்வயதில் பிள்ளை பிறக்கும் என்ற தூதனின் வாக்கை நம்பாமல் சகரியா கேட்டபோது ஊமையானாரே என்றால், ஆம், ஆனார். அந்தச் சம்பவத்தின் கண்டிப்பை நான் குறைத்துக் காட்ட விரும்பவில்லை. ஆனாலும் அவருக்குச் சொல்லப்பட்ட வாக்கு திரும்பப் பெறப்படவில்லை, பிள்ளை பிறந்தது, ஊமையாயிருந்த வாய் திறந்தபோது தீர்க்கதரிசனம் சொன்னது. அந்தப் பிள்ளையே, யோவான் ஸ்நானகனே, வளர்ந்து, சிறைச்சாலையிலிருந்து, வருகிறவர் நீர்தானா, அல்லது வேறொருவருக்காகக் காத்திருக்க வேண்டுமா என்று இயேசுவிடம் ஆள் அனுப்பிக் கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்ட அதே வேளையில்தான், ஸ்திரீகளிடத்தில் பிறந்தவர்களில் யோவானைவிடப் பெரியவன் இல்லை என்று இயேசு ஜனங்களிடம் சொன்னார்.

இனி நம் ஊரைப் பற்றி. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடிய அந்த மழையில், பேரணாம்பட்டில் ஒரு வீட்டின் சுவர் இடிந்து, குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் உறக்கத்திலேயே இறந்தார்கள். அந்த வாரம் இயற்கைச் சீற்றத்தை மக்களின் பாவத்தோடு முடிச்சுப் போட்ட பேச்சை நான் என் காதால் கேட்டேன். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்ததை இயேசுவே எடுத்துப் பேசியிருக்கிறார். அவர்கள் எருசலேமின் மற்றக் குடிகளைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர்களை மனந்திரும்பச் சொன்னார்; செத்தவர்கள்மேல் பழி போடவில்லை. பிறவிக் குருடனைக் குறித்து இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டபோதும் அந்தக் கணக்கை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. கர்த்தர் மறுத்த விளக்கத்தை அவர் பெயரால் நாம் கொடுக்கலாமா?

நாம் வாழ்வது மருத்துவமனை ஊர். வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் சார்க்கண்டிலிருந்தும் ரயிலேறிக் காட்பாடியில் இறங்கும் குடும்பங்கள், ஆற்காடு சாலைச் சந்துகளில் வாடகை அறை எடுத்து, ஸ்கேன் உறைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். நம் சபைகளிலேயே செவிலியரும் லேப் ஊழியரும் வார்டு உதவியாளரும் ஏராளம். அவர்கள் அன்றாடம் பார்ப்பதை ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் சொல்ல அவர்களுக்கு மொழி இல்லை; நாம் கற்றுத்தந்த மொழியில் நன்றியும் விண்ணப்பமும் மட்டுமே உண்டு.

இந்த ஊருக்குச் சி.எம்.சி. என்ற அந்தக் கிறிஸ்தவ மருத்துவமனை வந்த கதையை நாம் ஒவ்வொரு தலைமுறைக்கும் சொல்கிறோம். 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர், திண்டிவனத்தில் தந்தையின் வீட்டில் இருந்த ஓர் இரவில், பிரசவ வேதனையில் இருந்த மனைவிமாரைக் காப்பாற்ற ஒரு பெண் வேண்டும் என்று மூன்று வீட்டு ஆண்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து கேட்டார்கள். மருத்துவரான தந்தையை ஆண் என்பதால் ஏற்க மறுத்தார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். இதை "அழைப்பு" என்ற தலைப்பில் பிரசங்கித்து, 1900-இல் அவர் மருத்துவராகத் திரும்பியதையும் 1902-இல் மருத்துவமனை எழுந்ததையும் 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியதையும் சொல்லி முடிக்கிறோம். எல்லாம் உண்மை, எல்லாம் நன்றிக்குரியது. ஆனால் அந்த மூன்று பெண்கள்? ஐடாவை அழைப்பதற்காகத்தான் அவர்கள் சாக வேண்டியிருந்தது என்று எந்தப் பிரசங்கியாரும் சொல்லத் துணியக் கூடாது. அவர்கள் ஏன் இறந்தார்கள் என்ற கேள்வி பதிலின்றியே நிற்கிறது. ஐடா தம் வாழ்நாளை அதற்கு முன்னால் வைத்தார், விளக்கத்தை வைக்கவில்லை. 1946-இல் வேலூருக்கு வந்த பால் பிராண்டும் அப்படித்தான். தொழுநோயாளியின் விரல்கள் ஏன் அழிகின்றன என்று கேட்டு, வலி தெரியாமல் போவதால் ஏற்படும் காயங்களே காரணம் என்று கண்டு, மடங்கிப்போன கைகளை அறுவை செய்து மீண்டும் வேலை செய்ய வைத்தார். இது தேவ சித்தம், இது சாபம் என்று சொல்லிக் கேள்வியை மூடியிருந்தால் அந்தக் கைகள் அப்படியே இருந்திருக்கும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. நம் கிராமச் சபைகளில் பெரும்பாலான குடும்பங்கள் சேரியிலிருந்து வந்தவை. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, மதம் மாறிய காரணத்தால் அவர்களைப் பட்டியல் சாதி உரிமைகளிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. சபைக்குள்ளும் சாதி செத்துவிடவில்லை என்பது நம் எல்லாருக்கும் தெரியும். "நியாயம் ஒருபோதும் செல்லாமற்போகிறது" என்று ஆபகூக் தீர்க்கதரிசி தேவனிடம் முறையிட்டு, அவர் என்ன சொல்லுவார் என்று பார்க்கக் காவற்கோபுரத்தில் ஏறி நின்றான். தேவனையே கேள்வி கேட்கக் கூடாது என்று பழக்கப்படுத்தப்பட்ட ஒரு சபை, கமிட்டியையும் முதலாளியையும் தாசில்தாரையும் எப்படிக் கேட்கும்? அநீதியில் வாழ்கிறவர்களிடமிருந்து ஆபகூக்கின் ஜெபத்தை எடுத்துவிடுவது, அவர்களுக்குச் சொந்தமான ஒன்றை எடுத்துவிடுவதாகும்.

எல்லாவற்றுக்கும் மேலாகப் பெரிய வெள்ளி இருக்கிறது. மூன்று மணி நேர ஆராதனையில், சிலுவையில் இயேசு பேசிய நான்காம் வார்த்தை வரும்போது, "என் தேவனே! என் தேவனே! ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்று கேட்ட வாய் யாருடையது என்பதை நாம் ஒரு நிமிடம்கூடத் தாங்கிக்கொள்ள மாட்டோம் என்கிறோம். உடனே விளக்கத்துக்குப் போகிறோம்: பாவத்தைச் சுமந்ததால் பிதா முகத்தைத் திருப்பினார், அல்லது இருபத்திரண்டாம் சங்கீதத்தின் முதல் அடியைச் சொன்னார், முடிவில் வெற்றி இருக்கிறது. இந்த விளக்கங்களில் உண்மை இருக்கலாம். ஆயினும் குமாரனே பிதாவிடம் "ஏன்?" என்று கேட்டார், அதற்கு வானத்திலிருந்து சத்தம் எதுவும் உண்டாகவில்லை என்பதை விளக்கத்துக்கு முன்னால் சபை கேட்க வேண்டாமா? அவர் கேட்டதை அவருடைய பிள்ளைகள் கேட்டால் பாவம் என்று எந்த அதிகாரத்தில் சொல்கிறோம்?

ஆகையால் உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது பெரிய மாற்றங்களை அல்ல. சாட்சி நேரத்தில், ஜெபித்தும் கிடைக்காதவர்களுக்கும் ஒலிவாங்கியைக் கொடுங்கள். அவர்கள் பேசி முடித்ததும் உடனே ஒரு வசனத்தைச் சொல்லி அதை மூடாதீர்கள். துக்க வீட்டில் யோபுவின் சிநேகிதர்கள் சரியாகச் செய்த ஒரே காரியத்தை, ஏழு நாள் தரையில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் இருந்ததை, ஏழு நிமிடமாவது செய்யுங்கள். பதில் தெரியாத இடத்தில் "எனக்குத் தெரியாது, சேர்ந்து ஆண்டவரிடம் கேட்போம்" என்று சபை அறியச் சொல்லுங்கள். அதனால் உங்கள் மதிப்பு குறையாது என்பதற்கு, சபையில் உட்கார்ந்திருக்கிற நாங்கள் உறுதி தருகிறோம். திடப்படுத்தல் வகுப்பில் விசுவாசப் பிரமாணத்தை மனப்பாடம் செய்ய வைப்பதோடு, ஒவ்வொரு பிள்ளையும் தன் சொந்தக் கேள்வி ஒன்றைத் தேவனுக்கு ஜெபமாக எழுத ஒரு வாரம் ஒதுக்குங்கள். அதைத் திருத்தவோ மதிப்பெண் போடவோ வேண்டாம். பெரிய வெள்ளிக்கு முன் வரும் லெந்து காலத்தில், புதன்கிழமை மாலை ஆராதனைகளில் ஒன்றிலாவது எண்பத்தெட்டாம் சங்கீதத்தை முழுவதும் வாசித்து, அதன்பின் சற்று நேரம் அமைதியாக இருந்து, பிரசங்கமின்றி முடித்துவிடுங்கள்.

வகுப்புக்கு வராமல் நின்றுவிட்ட அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு நாங்கள் சில ஆசிரியைகள் போய்வருகிறோம். அவள் இன்னும் ஆலயத்துக்கு வரவில்லை. அவளுடைய ஆயர் இந்த மடலை வாசிப்பாரானால், அவரும் ஒருநாள் அந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவளை வகுப்புக்கு அழைக்கவோ, வசனம் சொல்லவோ வேண்டாம். அவள் கேட்ட கேள்வியை அவள் வாயாலேயே மறுபடியும் கேட்டு, அவள் அனுமதித்தால் அதே வார்த்தைகளில் அவளோடு சேர்ந்து ஜெபியுங்கள், ஐயா.

கிறிஸ்துவின் அன்பில்,
ஞாயிறு பள்ளி ஆசிரியை ஒருவர்,
வேலூர்.